குதிகால் இல்லாத ஷூவும் பவுலினும்

பாலாற்றில் தண்ணீர் ஓடாத வருஷங்களில் ஒன்றில், அது எந்த வருஷம் என்று மட்டும் கேட்கக் கூடாது, சுண்ணாம்புக்குப்பத்து ஷூ கம்பெனிக்குக் கடல் கடந்து ஒரு ஆர்டர் வந்தது. இருநூறு ஜோடிதான். ஆனால் அந்த ஷூ வேறு மாதிரி. முன்பாதத்துக்குக் கீழே செங்கல் கனத்துக்கு ரப்பர், பின்னால் குதிகாலுக்குக் கீழே சுத்தமாக ஒன்றுமில்லை. மாட்டிக்கொண்டு நின்றால் குதிகால் அந்தரத்தில் தொங்கும். அதைப் போட்டுக்கொண்டு பயிற்சி செய்தால் கெண்டைக்கால் இறுகி, பந்தாடுகிறவர்கள் இன்னும் உயரமாக எம்பலாம் என்று ஆர்டரோடு வந்த காகிதத்தில் எழுதியிருந்தது. அந்தக் காகிதம் ஆபீஸ் ரூமில் ஒரு ஃபைலுக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. வெட்டுகிறவர்கள் வெட்டினார்கள், தைக்கிறவர்கள் தைத்தார்கள், ஒட்டுகிறவர்கள் ஒட்டினார்கள், அவரவர் கைக்கு வந்ததை அவரவர் செய்தார்கள், கடைசியில் இருநூறு ஜோடியும் செக்கிங் மேஜைக்கு, ஜெயசீலனிடம் வந்து சேர்ந்தது.

ஜெயசீலன் பதினாலு வருஷமாக செக்கிங்கில் இருக்கிறவன். ஷூவைக் கண்ணாடித் தட்டில் வைப்பான், குதிகாலுக்குக் கீழே ஒரு அட்டையை நுழைத்துப் பார்ப்பான், அட்டை நுழைந்தால் ரிஜெக்ட். இந்த ஷூவில் அட்டை என்ன, கையே நுழைந்தது. அடேங்கப்பா, இப்படி ஒரு தப்பை அவன் சர்வீஸில் பார்த்ததில்லை. மத்தியானச் சங்கு ஊதுவதற்குள் இருநூறு ஜோடிக்கும் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டிவிட்டு, சாயங்காலம் வீட்டில் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சொன்னான்: “இன்னிக்கு ஒரு லாட்டையே தூக்கிக் கடாசிட்டேன். எவனாலயும் ஒண்ணும் பேச முடியல.”

ரிஜெக்ட் ஆனதெல்லாம் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருக்கிற கடைக்குத்தான் வரும். சுண்ணாம்புக்குப்பமே அப்படி வந்த ஷூவில்தான் நடக்கிறது, ஒரு கால் ஒரு நிறம், இன்னொரு கால் கொஞ்சம் வெளுப்பு, அதனால் ஒருத்தருக்கும் குறைச்சல் இல்லை. ஆனால் குதிகாலே இல்லாததை யார் வாங்குவார்கள்? கதவுக்கு முட்டுக் கொடுக்க வாங்கினார்கள், ஆடுகிற கட்டில் காலுக்கு வாங்கினார்கள். நூற்றுத் தொண்ணூற்று ஒன்பது ஜோடி அப்படிப் போயிற்று. மிச்சம் இருந்த ஒரு ஜோடியின் டப்பாவில் ஒரு ஆள் எம்பிக் குதிக்கிற படம் இருந்ததைப் பார்த்து, ஜெயசீலன் அதைத் தன் பெண்டாட்டி பவுலினுக்கு எடுத்துவந்தான்.

பவுலினுக்கு அந்தப் படம் போதும். அவள் அதே கம்பெனியில் ஷூவின் மேல்பாகம் தைக்கிறவள், கம்பெனிப் பெண்கள் வாலிபால் டீமில் ஆடுகிறவள். பந்தென்றால் அவளுக்கு உயிர். உயரம்தான் ஐந்தடி இரண்டங்குலத்தோடு நின்றுவிட்டது. சர்க்கார் இலாகா ஒன்றில், விளையாட்டுக்காரர்களுக்கென்று வருஷா வருஷம் ஆள் எடுப்பார்கள். அந்த வேலை வந்தால் ராத்திரி பகல் மெஷினுக்கு முன்னால் முதுகை வளைக்க வேண்டாம், பகல் வெளிச்சத்தில் பந்தாடலாம், ஆடுவதற்குச் சம்பளமும் வரும். இரண்டு வருஷம் போனாள். ஆட்டத்துக்கான மார்க்கைச் சான்றிதழ்களைப் பார்த்தே போட்டுவிடுவார்கள், அதில் அவளுக்குக் கவலையில்லை. நின்ற இடத்திலிருந்து எம்பிப் பலகையில் கையால் தொடுகிற தேர்வில்தான் இரண்டு வருஷமும் இரண்டு விரல்கடை குறைந்தது. இரண்டே விரல்கடை! இந்த நவம்பர்தான் கடைசி. டிசம்பரில் இருபத்தெட்டு முடிகிறது, அதற்கு மேல் அவர்கள் எடுக்க மாட்டார்கள்.

ஆறு வாரம் அந்த ஷூவை மாட்டிக்கொண்டு குதித்தாள். குதிகால் தொங்க, கெண்டைக்கால் நெருப்பாக எரிய, வீட்டுக்கு வந்து சுடுதண்ணீரில் காலை வைத்துக்கொண்டு “ஆண்டவரே, ஆண்டவரே” என்று முனகினாள். மாமியார் ரூத்தம்மா அந்தச் சுடுதண்ணீர் பானையைப் பார்த்து, “குளிக்க வெச்சத எல்லாம் காலுக்கே ஊத்திக்கினா மத்தவங்க இன்னா பண்றது?” என்று கேட்டாளே தவிர, மறுநாள் இரண்டு பானையாகப் போட்டுக் கொதிக்க வைத்தாள்.

ஏழாவது வாரம் வியாழக்கிழமை சாயங்காலம், கம்பெனி கிரவுண்டில் பயிற்சி. பந்தைத் தூக்கிக் கொடுக்கிறவள் ஷமீம், பவுலினுக்குப் பக்கத்து மெஷின்காரி, ஒன்பது வருஷமாக அவள் எந்த உயரத்தில் அடிப்பாள் என்று தெரிந்து தூக்கிக் கொடுக்கிறவள். பவுலின் அன்றைக்குச் சாதாரண ஷூதான் போட்டிருந்தாள். எம்பினாள், அடித்தாள், பந்து அந்தப் பக்கம் தரையில் விழுந்து உருண்டது, பவுலின் விழவில்லை. முழங்காலுக்குச் சற்று மேலான உயரத்தில் அப்படியே நின்றாள். இரண்டு பெருமூச்சு விடுகிற நேரம் நின்றுவிட்டு இறங்கினாள்.

“நல்ல ஜம்ப்புக்கா,” என்றாள் ஷமீம். “இன்னொண்ணு தூக்கறேன்.”

அடுத்த முறை அதைவிட அதிகம், அதற்கடுத்தது அதைவிட அதிகம். நாலாவது முறை எம்பியபோது மற்றப் பெண்கள் தண்ணீர் குடித்து, முடியை அவிழ்த்துக் கட்டி, மானேஜரைப் பற்றிக் கொஞ்சம் பேசிவிட்டு வந்து பார்த்தால் இன்னும் அங்கேயே இருந்தாள், இறங்கலாமா வேண்டாமா என்று யோசிக்கிறவளைப் போல.

மேல்பாகம் தைக்கிற இடத்தில் நேரத்தை நிமிஷத்தில் சொல்வதில்லை, ஜோடியில் சொல்வார்கள். மணிக்குத் தொண்ணூறு ஜோடி தைக்க வேண்டும், அதனால் ஒரு ஜோடி நேரம் என்றால் எவ்வளவு என்று அவர்கள் கைக்குத் தெரியும். டீ குடிக்கிறது எட்டு ஜோடி, கக்கூஸ் போய்வருகிறது நாலு ஜோடி. ஷமீம் மனசுக்குள் தைத்துப் பார்த்திருக்கிறாள். அவள்தான் முதலில் பிடித்தாள்.

“அக்கா, மொத தபா அரை ஜோடி நின்ன. அடுத்தது ஒண்ணு. அடுத்தது ரெண்டு. இப்ப நாலு. ஒவ்வொரு தபாவும் டபுளாவுது. இனிமே குதிக்காத.”

“குதிக்காம எப்படிடி இருக்கறது?”

“கேளு. அடுத்தது எட்டு. அப்புறம் பதினாறு, முப்பத்திரெண்டு, அறுபத்துநாலு. செலக்‌ஷன்ல மூணு தபா குதிக்கணும், மூணையும் கூட்டிச் சராசரி போடுவாங்க. அதுக்கு வேணுமில்ல? எண்ணி எண்ணிச் செலவு பண்ணு.”

“அப்புறம்? வேலை கெடச்சா அப்புறம் எப்படி ஆடறது?”

“லிபரோவா ஆடு. பின்னால நின்னு பந்து எடுக்கறவ குதிக்கத் தேவையில்ல. ஆட்டத்துல அப்படியும் ஒரு எடம் இருக்குது இல்ல?”

எப்படி, எதனால் என்று சுண்ணாம்புக்குப்பத்தில் ஒருவரும் மண்டையை உடைத்துக்கொள்ளவில்லை. தோல் ஊறுகிற நாற்றத்திலேயே பிறந்து வளர்ந்து, அந்த நாற்றத்திலேயே கல்யாண விருந்தும் சாப்பிடுகிற ஊர் அது, எதையும் மூன்று நாளில் பழகிக்கொள்ளும். முதல் நாள் பார்க்க வந்தார்கள், இரண்டாம் நாள் விசாரிக்க வந்தார்கள், மூன்றாம் நாள் “குதிக்காம பாத்து நட” என்று புத்தி சொல்லிவிட்டுப் போனார்கள்.

ஆனால் பாருங்கள், ஒரு மனுஷி ஒரு நாளைக்கு எத்தனை முறை குதிக்கிறாள் என்று குதிக்கக் கூடாது என்று வந்த பிறகுதான் தெரிகிறது. பஸ்ஸிலிருந்து இறங்கும்போது, வெந்நீர் சிந்தினால், யாராவது பின்னால் வந்து பயமுறுத்தினால்! எட்டு ஜோடி இப்படித்தான் போயிற்று. மழை பெய்து கம்பெனி கேட் முன்னால் சாக்கடை நிரம்பியிருந்தது, நேரமாகிவிட்டதே என்று பழக்கத்தில் ஒரு தாண்டு தாண்டினாள், சாக்கடைக்கு மேலேயே நின்றுவிட்டாள். சங்கு ஊதிவிட்டது. வாட்ச்மேன் நோட்டை வைத்துக்கொண்டு முழித்தான். ஒரு கால் கேட்டுக்கு உள்ளே, ஒரு கால் வெளியே, இவளை வந்தவளாகப் போடுவதா வராதவளாகப் போடுவதா? “முன்னங்கால் உள்ளதான இருக்குது, எழுதுண்ணே,” என்று அவள் கெஞ்ச, அவன் குனிந்து பார்த்துவிட்டு எழுதினான். அவளுக்குப் பின்னால் வந்தவர்கள் அவளைச் சுற்றிக்கொண்டு போனார்கள்.

பதினாறு ஜோடி ஒரு எலியால் போயிற்று. அடுப்படியில் காலுக்குக் குறுக்கே ஓடியது. “ஐயய்யோ!” என்று அவள் எகிறினாள், எகிறியவள் எகிறிய இடத்தில். பத்து நிமிஷத்துக்கு மேல். பவுலினுக்கு அழுகையே வந்துவிட்டது, எலிக்குப் போய் ஒன்றைக் கொடுத்துவிட்டோமே என்று. ரூத்தம்மா அண்ணாந்து பார்த்தாள். எலியைத் துரத்தினாள். பிறகு ஒரு முறம் நிறைய அவரைக்காயைக் கொண்டுவந்து மருமகள் கையில் நீட்டினாள்.

“சும்மாதான நிக்கற. இத உரிச்சிடு.”

பவுலின் அந்தரத்தில் நின்று அவரைக்காய் உரித்தாள். அது தெருவுக்குத் தெரிந்த பிறகு, பவுலின் மேலே இருந்தாலும் வேலை வாங்கலாம் என்று ஒரு வழி பிறந்துவிட்டது. அடுத்த முறை எப்போது என்று பக்கத்து வீட்டுக்காரி ஒருத்தி புளி உருண்டையோடு வந்து கேட்டேவிட்டாள்.

முப்பத்திரண்டு ஜோடியை மட்டும் பவுலின் தானாக மனமார எடுத்துக் கொடுத்தாள். லீக் ஃபைனல், அதுவரை குதிக்காமலே ஆடினாள். கடைசிப் பாயிண்ட், எதிர் டீமில் பனைமரம் மாதிரி ஒருத்தி அடிக்க எம்புகிறாள், தடுக்க ஆளில்லை. ஷமீம் “வேணாம்க்கா!” என்று கத்தினாள். ஒன்பது வருஷமாக அந்த ஒரு கோப்பைக்காக வெயிலில் காய்ந்த பெண்கள் ஐந்து பேர் அவளைப் பார்த்தார்கள், அவளால் பார்த்துக்கொண்டு நிற்க முடியவில்லை. எம்பினாள். பந்து அவள் கையில் பட்டு அந்தப் பக்கமே விழுந்தது. ஆட்டம் முடிந்தது, கோப்பை கொடுத்தார்கள், அவள் இறங்கவில்லை. அவள் காலடியில் கோப்பையை வைத்துப் போட்டோ எடுத்தார்கள், பிரியாணிப் பொட்டலம் பிரித்துக் கீழேயிருந்து ஆளுக்கு ஒரு வாய் ஊட்டினார்கள். அவளுக்கு அன்றைக்கு வந்த சந்தோஷம் அதற்கு முன்னால் கல்யாணத்தில்கூட வரவில்லை, அதை ஜெயசீலனிடமே சொன்னாள்.

இனி அறுபத்துநாலு, நூற்று இருபத்தெட்டு, இருநூற்று ஐம்பத்தாறு. செலக்‌ஷன் காலை பத்து மணிக்குத் தொடங்கும், மூன்றையும் அடுத்தடுத்துக் குதித்தால் சாயங்காலம் மூன்று மணிக்கு முடிந்துவிடும், ஐந்து மணிக்குத்தான் அவர்கள் கணக்கை முடிப்பார்கள். ஷமீம் இதைச் சுவரில் சாக்பீஸால் எழுதியே வைத்தாள். பவுலின் வீட்டில் ரூத்தம்மா வாசற்படிக்குக் கீழே கல் போட்டு உயரத்தைக் குறைத்தாள், அடுப்படியில் எலிப்பொறி மூன்று வைத்தாள். தெருவில் நாயைக் கல்லால் அடிக்கிறவர்கள்கூட அவள் வருகிறாள் என்றால் கையைத் தாழ்த்தினார்கள், நாய் பாய்ந்து அவள் துள்ளிவிடக் கூடாதே என்று. ஊர் முழுக்க அவளைத் தரையில் வைத்துக் காப்பாற்றியது.

செலக்‌ஷனுக்கு நாலு நாள் இருக்கும்போது கடல் கடந்து, ஆர்டர் கொடுத்த அந்த பையரே வந்து இறங்கினார், என் இருநூறு ஜோடி எங்கே என்று.

இல்லை என்று சொல்ல மானேஜர் தயாளனுக்கு வாய் வரவில்லை. ரிஜெக்ட் பண்ணியது எவன் என்று கத்தினார். ஜெயசீலன் போய் நின்றான். பதினாலு வருஷத்தில் முதல் தடவையாக, அவன் தப்பென்று ஒட்டியது தப்பில்லை என்று அவனுக்குச் சொன்னார்கள். ஃபைலிலிருந்து அந்தக் காகிதம் வந்தது, அவன் முகத்துக்கு நேராக ஆட்டப்பட்டது. தயாளன் முடிவாகச் சொன்னார்: ஊரே பேசுகிறதே, உன் பெண்டாட்டி அந்த ஷூவால்தான் அப்படி நிற்கிறாளென்று, நாளைக்குக் காலையில் அவளைக் கூட்டிவந்து பையர் முன்னால் ஒரு தடவை குதிக்கச் சொல், சரக்குப் போனாலும் ஆர்டர் கைவிட்டுப் போகாது, இல்லையென்றால் நீ வீட்டுக்குப் போ.

அன்று சாயங்காலம் ஜெயசீலன் சாப்பிடவில்லை. பவுலின் துணி மடித்துக்கொண்டிருந்தாள், அவன் எதிரே வந்து உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னான்.

“நான் உன்னைக் கேக்க மாட்டேன் பவுலினு,” என்றான். கொஞ்ச நேரம் கழித்து, “கேக்கவே மாட்டேன்,” என்றான். மடித்த துணியை எடுத்துத் திரும்ப மடித்துக்கொண்டே, “என்ன ஆனாலும் உன்ன மட்டும் கேக்க மாட்டேன்,” என்றான்.

“மூணு தபா கேட்டுட்டீங்க,” என்றாள் பவுலின்.

கோபம் வந்தது, வராமல் இருக்குமா? கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள். ஷமீமிடம் போய்ச் சொன்னாள், ஷமீம் குதித்தாள், அவளுக்கென்ன, அவள் குதித்தால் உடனே இறங்கிவிடலாம். “அவரு பண்ண தப்புக்கு நீ ஏன்க்கா குடுக்கணும்? எலிக்கு ஒண்ணு குடுத்த, சாக்கடைக்கு ஒண்ணு குடுத்த, இப்ப மானேஜருக்கா?” எல்லாம் சரிதான். ஆனால் அந்த ஷூவை அவளுக்காகத் தேடி எடுத்துவந்த கை அவனுடையது, அவளால் அதைத் தள்ளிவைத்துவிட்டு யோசிக்க முடியவில்லை. முப்பத்தெட்டு வயசில் வேறே எந்த மேஜையில் போய் நிற்பான்? சர்க்கார் காரியம் என்றைக்குச் சொன்ன நேரத்தில் முடிந்தது, ஐந்து மணி என்றால் எட்டு மணி ஆகும் என்று அவளே தனக்கு ஒரு சமாதானம் சொல்லிக்கொண்டாள்.

மறுநாள் காலையில் ஆபீஸ் வராந்தாவில் குதித்தாள். அறுபத்துநாலு ஜோடி, முக்கால் மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவு. பையர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார், தலையாட்டினார், ஒரு காப்பி குடித்தார். ஏழாம் நம்பர் அளவிலும் இப்படி வருமா என்று கேட்டார். ஆர்டர் தப்பியது, ஜெயசீலன் வேலையும் தப்பியது. அவன் கீழே நின்று அவள் செருப்பைக் கையில் வைத்துக்கொண்டிருந்தான், அவள் முகத்தை நிமிர்ந்து பார்க்கவில்லை.

செலக்‌ஷன் ஜில்லாத் தலைநகரத்து மைதானத்தில் நடந்தது. முப்பத்துமூன்று பெண்கள், நாலு வேலை. பவுலினோடு ஜெயசீலனும் ஷமீமும் போயிருந்தார்கள். தேர்வு அதிகாரி ஒரு அம்மாள், நரைத்த கொண்டை, கழுத்தில் விசில், கையில் பெரிய நோட்டு. எல்லோரையும் வரிசையாக நிற்க வைத்து விதியைப் படித்தார்: மூன்று முயற்சி, மூன்றின் சராசரி, எம்பிப் பலகையில் தொட்ட பிறகு இரண்டு பாதமும் தரையில் பட்டால்தான் ஒரு முயற்சி முடிந்ததாகும், மாலை ஐந்து மணிக்குப் பதிவு முடிக்கப்படும்.

பத்து மணிக்கு பவுலின் எம்பினாள். விரல் பலகையில் பட்டது, அங்கேயே இருந்தது. அதிகாரியம்மாள் டேப்பை எடுத்துவந்து நிதானமாக அளந்தார், கண்ணாடியைத் துடைத்துவிட்டு இன்னொரு தடவை அளந்தார், தேவைக்கு மேலே ஆறு விரல்கடை இருந்தது. “இறங்கும்மா,” என்றார். “நானா எறங்க முடியாதுங்க மேடம், நேரமாவும்,” என்றாள் பவுலின். அதிகாரியம்மாள் நோட்டில் அதற்கு ஒரு கட்டம் இருக்கிறதா என்று தேடினார், இல்லை. வேறொரு சுவரில் வேறொரு பலகையை மாட்டச் சொல்லிவிட்டு மற்றப் பெண்களைக் கூப்பிட்டார். பதினொன்றரைக்கு பவுலின் இறங்கினாள், ஒரு வாய் தண்ணீர் குடித்தாள், மறுபடி எம்பினாள். இரண்டு இருபதுக்கு இறங்கினாள். அதற்குள் மற்ற முப்பத்திரண்டு பேருக்கும் முடிந்துவிட்டது, பட்டியலுக்காக மரத்தடியில் காத்திருந்தார்கள்.

“மூணாவது,” என்றார் அதிகாரியம்மாள்.

“ஐந்நூத்திப் பன்னெண்டு ஜோடி,” என்றாள் ஷமீம் பல்லைக் கடித்துக்கொண்டு. “எட்டு மணி ஆயிடும்.”

“ஐந்து மணிக்கு நான் நோட்டை மூடியாகணும். மேலே அனுப்பணும், என் கையில் இல்லை. மூன்றாவது முடியாவிட்டால் அது பூஜ்யம். சராசரி விழுந்துவிடும்,” என்றார் அதிகாரியம்மாள். அவர் குரலில் வேண்டுமென்று சொல்கிற கடுமை ஒன்றும் இல்லை.

ஜெயசீலன் பக்கத்தில் வந்து நின்றான். “என்னாலதான். என் ஒருத்தனாலதான்,” என்றான், நாலு நாளாகத் தொண்டையில் வைத்திருந்ததை. பவுலின் அவனைப் பார்த்தாள். திட்ட நினைத்தாள், வரவில்லை. போகட்டும் என்று சொல்ல நினைத்தாள், அதுவும் வரவில்லை, ஏனென்றால் போகட்டும் என்று அவளுக்கு இல்லை, வேண்டும் என்றுதான் இருந்தது. இருபத்தேழு வருஷத்தில் தனக்கென்று அவள் கேட்டது இந்த ஒன்றுதான். பூஜ்யம் போட்டால் போடட்டும், குதிக்காமல் மட்டும் திரும்பிப் போக மாட்டேன் என்று பலகைக்கு முன்னால் போய் நின்று, கர்த்தரை ஒரு தரம் நினைத்து, எம்பினாள். விரல் முன்னிரண்டு தடவைக்கும் மேலே பட்டது.

அங்கேயிருந்து பார்த்தால் மைதானம் வெள்ளை வெயிலாகக் கிடந்தது. ஜெயசீலன் அவள் காலடியில் நின்று அவள் பாதத்துக்கும் தரைக்கும் நடுவே இருந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். இரண்டரை அடி. ஓடிப்போய் மரத்தடியில் இருந்த பெஞ்சைத் தூக்கிவந்தான்.

“பெஞ்ச் தரை ஆகாது,” என்றார் அதிகாரியம்மாள். “பெஞ்சில் நின்றால் பெஞ்சில் நின்றாள் என்றுதான் எழுத முடியும்.”

“மண்ணு தரைதானங்க மேடம்?” என்றான் ஜெயசீலன்.

அதிகாரியம்மாள் யோசித்தார். காலால் தரையைத் தட்டிப் பார்த்தார். “மண் தரைதான்,” என்றார்.

மைதானத்தின் மறுகோடியில் நீளம் தாண்டுகிறவர்களுக்கான மணல் குழி இருந்தது. ஜெயசீலன் சாப்பாட்டு டப்பாவைக் கவிழ்த்துவிட்டு ஓடினான், ஒரு டப்பா மணலோடு ஓடிவந்து அவள் காலுக்கு நேர் கீழே கொட்டினான். ஒரு கை மண் அது, எறும்புப் புற்றுக்குக் காணாது. திரும்ப ஓடினான். ஷமீம் துப்பட்டாவை விரித்துக்கொண்டு அவன் பின்னால் ஓடினாள். இரண்டு பேரும் ஓடி ஓடிக் கொட்டினார்கள், மணி மூன்றாயிற்று, மேடு கணுக்கால் உயரம்கூட வரவில்லை. பவுலின் மேலேயிருந்து “போதுங்க, வெயில்ல மயக்கம் போட்டுடுவீங்க,” என்றாள். அவன் கேட்டால்தானே.

மரத்தடியில் முப்பத்திரண்டு பெண்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நாலு வேலை. ஒருத்தி மெதுவாகச் சொன்னாள், “இவங்க எறங்கலன்னா நம்மள்ள ஒருத்திக்கு எடம் மிச்சம்.” அது பொய்யுமில்லை. குடியாத்தத்திலிருந்து வந்த வேதவல்லி என்ற பெண் மட்டும் துப்பட்டாவை இழுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு எழுந்தாள். “எனக்கும் வர்ற மாசம் இருபத்தெட்டு முடியுது,” என்றாள். “எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியும். மண்ணு இல்லாம அவ தோக்கக் கூடாதுடி. எங்கிட்ட தோத்தா தோக்கட்டும்.” சாப்பாட்டு டப்பாவை எடுத்துக்கொண்டு குழிக்கு நடந்தாள்.

அதற்குப் பிறகு எல்லோரும் எழுந்தார்கள், மிச்சம் என்று சொன்னவளும்தான் எழுந்தாள். டப்பாவில், துப்பட்டாவில், பையில், கழற்றிய ஷூவுக்குள் என்று மணல் வந்தது. குழியிலிருந்து பலகை வரைக்கும் வரிசையாக நின்று கைமாற்றினார்கள், ஒருத்தி வாங்க ஒருத்தி கொடுக்க, ஒருத்தி வாங்க ஒருத்தி கொடுக்க, மேடு முழங்கால் உயரம் வந்தது. சரிந்தது. குடிக்க வைத்திருந்த தண்ணீரையெல்லாம் ஊற்றிக் குழைத்து இறுக்கினார்கள். பலகையைச் சுவரில் மாட்டிய பியூனும் சட்டையைக் கழற்றி வைத்துவிட்டு வந்து மிதித்துக் கெட்டிப்படுத்தினார். அதிகாரியம்மாள் நோட்டை மார்போடு அணைத்துக்கொண்டு, நான் அதிகாரி, நான் கை வைக்கக் கூடாது, நான் கை வைக்கக் கூடாது என்று சொல்லிக்கொண்டே, சரிந்து வந்த மண்ணைச் செருப்புக் காலால் உள்ளே தள்ளிக்கொண்டிருந்தார்.

பவுலின் எத்தனையோ தரம் தரைக்கு வந்திருக்கிறாள், தரை தன்னிடம் வருவதை அன்றைக்குத்தான் பார்த்தாள். பேர் தெரியாத பெண்களின் உச்சி வகிடு, வேர்வை, மண் ஒட்டிய கை. அழுகை அடக்க முடியவில்லை, விரலைப் பலகையிலிருந்து எடுக்கக் கூடாதே என்று கண்ணைத் துடைக்காமலே அழுதாள். யாரோ கீழேயிருந்து “அழாதீங்கக்கா, மண்ணு கரையுது,” என்றாள், எல்லோரும் சிரித்தார்கள்.

ஐந்து மணிக்கு எட்டு நிமிஷம் இருக்கும்போது ஜெயசீலன் மேட்டின் மேல் மண்டி போட்டு, கடைசி இரண்டு கை ஈர மண்ணை அவள் பாதத்துக்குக் கீழே வைத்து, வலது பக்கம் ஒன்று, இடது பக்கம் ஒன்று, உள்ளங்கையால் அழுத்தினான். பவுலினுக்குப் பாதத்தில் சில்லென்று பட்டது. பிறகு முழங்காலில், இடுப்பில், தன் உடம்பின் பாரம் தனக்குத் திரும்பி வந்தது.

விசில் ஊதியது. அதிகாரியம்மாள் குனிந்து, இரண்டு பாதத்தையும் ஒன்றுக்கு இரண்டு தடவை பார்த்துவிட்டு, சத்தமாகப் படித்துக்கொண்டே எழுதினார்: “மூன்றாவது முயற்சி முடிந்தது. இரண்டு பாதமும் தரையில். தகுதி.” பட்டியலில் நாலாவதாக அவள் பெயரை எழுதினார். இரண்டாவதாக வேதவல்லியின் பெயர் ஏற்கெனவே இருந்தது.

பவுலின் மேட்டின் உச்சியில் நின்றாள். கீழே அத்தனை பேரும் அண்ணாந்து நின்றார்கள். சந்தோஷம் தாங்காமல் அவள் கையை விரித்து, முழங்காலை லேசாக மடக்கினாள், அவ்வளவுதான், முப்பத்திரண்டு பெண்களும் ஷமீமும் பியூனும் அதிகாரியம்மாளும் ஒரே குரலில் அலறினார்கள்:

“குதிக்காத!”

ஜெயசீலன் இரண்டு கையையும் நீட்டினான். பவுலின் அந்த ஈர மணலில் மெதுவாக உட்கார்ந்தாள், காலை நீட்டினாள், சின்னப் பிள்ளை மாதிரி சறுக்கிக்கொண்டு கீழே வந்தாள்.